நேரான பாதை இல்லாத விளையாட்டு

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் கோட்டைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகள் இரவில் கண்விழித்து விளையாடும் வீடியோ கேமுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த வரலாற்றின் ஒரு பக்கம் மலேசியாவில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் பெருமையும் இருக்கிறது, பிழையும் இருக்கிறது. இரண்டில் எதைப் பிள்ளைகளிடம் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

ஜொகூர் மாநிலத்து லாபிஸை எடுத்துக்கொள்வோம். சிகாமட் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். தலைநகரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போன பழைய கூட்டரசுச் சாலை சிகாமட், லாபிஸ், யோங் பெங் என்று ஊர் ஊராக வளைந்து சென்றது. 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபோது விரைவான வழி வேறு பக்கம் போய்விட்டது. இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளை, "கேம் தயாரிக்கும் வேலைக்குப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும்? "அதெல்லாம் ஜப்பான்காரனும் அமெரிக்காக்காரனும் செய்கிற வேலை. நம்மால் முடியுமா?" என்பார்கள்.

முடியும் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. அந்த விளையாட்டின் பெயர் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்'. நேரான சாலைகள் இல்லை என்று பொருள். கோலாலம்பூரில் இயங்கும் மெட்ரோனோமிக் என்ற சிறு நிறுவனம் உருவாக்கி, 2020 ஆகஸ்டு 25 அன்று வெளிவந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய இருவரும் மலேசியர்கள். வான் ஹஸ்மர், ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தில் 'ஃபைனல் ஃபேன்டசி 15' விளையாட்டின் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்தவர். டயிம் ஜியாவுடின், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' விளையாட்டுக்குக் கற்பனை ஓவியங்கள் வரைந்தவர். அந்த இரண்டு விளையாட்டுகளும் 2016-இல் வந்தவை.

கூலிக்கு வரைந்த கைகள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1996-இல் மலேசியா 'மல்டிமீடியா சூப்பர் காரிடார்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு கணினி ஓவியமும் அசைவூட்டமும் கற்ற இளைஞர்கள் பெருகினார்கள். ஆனால் அவர்களில் பலருக்குக் கிடைத்த வேலை, வெளிநாட்டு விளையாட்டுகளுக்குப் பகுதி பகுதியாக ஓவியம் செய்து கொடுப்பதுதான். 2017-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்ட்', 2020-இல் வந்த 'வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட்' ஆகியவற்றின் ஓவிய வேலையில் மலேசியாவின் லெமன் ஸ்கை நிறுவனத்துக்குப் பங்குண்டு. உலகம் விளையாடிய விளையாட்டில் மலேசியக் கை இருந்தது. உரிமையும் பெயரும் வேறொருவருக்கு இருந்தன.

அப்படியிருக்க, கதை, பாத்திரம், இசை, உலகம் எல்லாமே சொந்தமாக ஒரு விளையாட்டு வந்தது என்றால் அது சாதாரணச் செய்தி அல்ல.

கதை இதுதான். வைனல் சிட்டி என்ற நகரம் இசையின் ஆற்றலால் மின்சாரம் பெறுகிறது. நகரை ஆளும் நிறுவனத்துக்கு மின்னணு நடன இசை மட்டுமே பிடிக்கும். கிட்டார் வாசிக்கும் மேடே, டிரம்ஸ் வாசிக்கும் சூக் என்ற இருவரும் அங்கே தேர்வுக்குப் போகிறார்கள். ராக் இசைக்குக் காலம் முடிந்துவிட்டது என்று விரட்டப்படுகிறார்கள். மின்வெட்டு வரும்போது சாதாரண மக்களின் வீடுகள் மட்டும் இருட்டில் கிடப்பதைப் பார்த்துக் கலகம் தொடங்குகிறார்கள்.

புதுமை எங்கே? எதிரிகள் தாளத்துக்கு ஏற்பத் தாக்குகிறார்கள். எனவே கண்ணால் பார்த்து விலகுவதோடு காதால் கேட்டும் விலகலாம். தைப்பூசத்தில் உறுமி மேளத்தின் அடி மாறும்போது காவடி எடுப்பவரின் கால் தானாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனையின் அருமை எளிதில் புரியும். எதிரிகளின் தலைவர்களோ ஆளுக்கு ஒரு ரகம். பியானோ வாசிக்கும் சிறுமி, இயந்திர மனிதர்களின் பாடகர் குழு, கணினித் திரையில் மட்டுமே வாழும் பாடகி என்று ஒவ்வொருவருக்கும் தனி இசை, தனி வண்ணம். சூக்கின் சகோதரன் டி.கே. வெஸ்ட் மலாய் மொழியில் ராப் பாடி மோதுகிறான். கிளந்தானில் புகழ்பெற்ற 'டிக்கிர் பாராட்' கலையின் பெயரை வைத்து ஆடிய சொல்விளையாட்டு அது. பாராட் என்றால் மலாயில் மேற்கு.

பொன் குஞ்சா, வெறும் குஞ்சா?

இவ்வளவு இருந்தும் விமர்சகர்கள் பலர் நடுத்தர மதிப்பெண்தான் கொடுத்தார்கள். காரணம் கையாட்சியில் இருந்தது. பல இடங்களில் காட்சிக் கோணத்தை விளையாடுபவர் விருப்பப்படி திருப்ப முடியாது. தூரம் சரியாகத் தெரியாமல் தாவினால் கால் தவறும், அடித்தால் அடி வீணாகும். அடி விழுந்தாலும் அதில் கனம் இல்லை. எதிரிகள் தாளத்தில் ஆடுகிறார்கள், விளையாடுபவரின் அடிக்கு மட்டும் அந்தத் தாளக் கட்டு இல்லை. தலைவர்களுடனான மோதல்கள் விருந்து என்றால், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகள் ஆறிப்போன சோறு.

இங்கே இரண்டு தரப்புகள் எழும். "நம் நாட்டுப் பிள்ளைகள் செய்தது, குறை சொல்லலாமா?" என்பது ஒரு தரப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே! "காசு கொடுத்து வாங்குபவனுக்கு நாடு எதற்கு? சரியில்லை என்றால் தூக்கிப் போடு" என்பது மறுதரப்பு.

இரண்டு தரப்பும் ஒன்றைப் பார்ப்பதில்லை. இந்த விளையாட்டு எங்கே மின்னியது? ஓவியத்திலும் இசையிலும். எங்கே தடுமாறியது? எல்லாப் பகுதிகளையும் சேர்த்துக் கட்டும் இடத்தில். ஓவியத்தில் நாட்டுக்குப் பல ஆண்டுப் பழக்கம் இருந்தது. முழு விளையாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கட்டிப் பார்த்த பழக்கம் குறைவு. கதவும் சன்னலும் செய்த தச்சர் முதன்முதலாக வீடு கட்டினால், சன்னல் அழகாக இருக்கும், கூரை கொஞ்சம் ஒழுகும்.

இது மலேசியாவுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. 2000-இல் ஜப்பானின் சேகா வெளியிட்ட 'ஜெட் செட் ரேடியோ' கார்ட்டூன் போன்ற தோற்றத்தால் உலகை வியக்க வைத்தது. அதன் காட்சிக் கோணத்தையும் திட்டாதவர் குறைவு. 2005-இல் வந்த அமெரிக்காவின் 'சைக்கோநாட்ஸ்' கற்பனைக்குப் பாராட்டு வாங்கியது, விற்பனையில் படுத்தது. அதன் இரண்டாம் பாகம் வர 16 ஆண்டுகள் ஆயின. 2021-இல் வந்தபோது வரவேற்பு வேறு மாதிரி இருந்தது.

சரி, குறையில்லாமல் முடித்துவிட்டால் எல்லாம் நலமா? இசையும் சண்டையும் கலந்த இதே யோசனையை 2023-இல் டோக்கியோவின் டேங்கோ கேம்வொர்க்ஸ் 'ஹை-ஃபை ரஷ்' என்ற விளையாட்டில் மிகத் துல்லியமாகச் செய்து காட்டியது. பாராட்டு குவிந்தது. ஆனாலும் 2024 மே மாதம் அந்த நிறுவனத்தை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் தென்கொரியாவின் கிராஃப்டன் எடுத்துக்கொண்டதால்தான் அது பிழைத்தது. இந்தத் தொழிலில் திறமை இருந்தால் போதும் என்று பெற்றோருக்கு யாரும் உறுதி கொடுக்க முடியாது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே லாபிஸ் வீட்டுக் கேள்விக்கு வருவோம். "நம்மவர் செய்தது, அருமை" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்குப் பெருமை கிடைக்கும், பாடம் கிடைக்காது. "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அதோடு ஆர்வம் முடிந்தது. விளையாட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "இந்த இடத்தில் ஏன் கால் தவறுகிறது? நீ செய்தால் காமிராவை எங்கே வைப்பாய்?" என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரு தாளை எடுத்து அந்தப் பிள்ளை பதில் வரையத் தொடங்கினால், முடியுமா என்ற கேள்வியை வீட்டில் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.