ஹாங்காங் பேச்சில் ஆங்கிலம்: கான்டனீஸ் கலப்பு வழக்கின் வளர்ச்சி

ஹாங்காங் மக்களின் அன்றாடப் பேச்சில் ஆங்கிலம் கலந்திருப்பதைக் காலனி ஆட்சியின் எச்சம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவதுண்டு. அது பாதி உண்மைதான். பிரிட்டிஷ் கொடி அங்கே ஏறுவதற்கு முன்பே கலப்பு தொடங்கிவிட்டது. அது செழித்ததோ, கான்டனீஸ் மொழி தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்ட 1970களில். இந்த இரண்டு காலக்கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்றைய கொச்சை வழக்கு விளங்கும்.

1757இல் சீனாவை ஆண்ட சிங் அரசு மேலை நாட்டார் வணிகத்தைக் கான்டன் என்ற ஒரே துறைமுகத்துக்குள் அடக்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, ஜேம்ஸ் ஃபிளின்ட் என்ற ஆங்கில வணிகர் பேரரசருக்கு மனுக் கொடுத்தார். அவருக்குச் சிறை கிடைத்தது. மனு எழுத உதவிய சீனருக்குத் தலையே போனது. அயலாருக்குச் சீனம் கற்றுத்தருவது ஆபத்தான வேலையான பிறகு, மொழி கற்கும் சுமை உள்ளூர்க்காரர் தலையில் விழுந்தது. கடைக்காரர்களும் தரகர்களும் படகோட்டிகளும் உடைந்த ஆங்கிலம் ஒன்றைப் பேசினார்கள். அதுவே சீனப் பிட்ஜின். அதைக் கற்றுத்தரச் சிறு பிரசுரங்கள் அச்சாயின. அவற்றில் ஆங்கில எழுத்தே கிடையாது. ஆங்கிலச் சொல்லின் ஒலியைக் கான்டனீஸ் வாசிப்புள்ள சீன எழுத்துகளால் குறித்திருப்பார்கள். 1862இல் டாங் கிங்-சிங் வெளியிட்ட பெரிய ஆங்கிலப் பாடநூலும் இந்த மரபில் வந்ததுதான்.

கான்டன் வணிகர்களின் சொற்கள் இந்தியக் கரை வழியாகவும் வந்தன. ஹாங்காங்கின் கார் நிறுத்துமிடங்களில் பணம் கட்டும் சாளரத்தின் மேல் 'ஷ்ராஃப்' என்று எழுதியிருக்கும். நம் பழைய வணிக வழக்கில் நாணயம் பார்த்து மாற்றித்தந்த சராபுதான் இந்த 'ஷ்ராஃப்'.

துறைமுகக் காலம் விட்டுச்சென்ற முறை எளிமையானது: சொல் உள்ளே வரலாம், ஒலி மாறித்தான் வரவேண்டும். கான்டனீஸில் மெய்ம்மயக்கத்தோடு தொடங்கும் சொல் இல்லை, 'ஸ்' என்று முடியும் சொல்லும் இல்லை. ஆகவே பஸ் 'பா-சீ' ஆனது, ஸ்டோர் 'சீ-தோ' ஆனது, ஸ்ட்ராபெர்ரி 'சீ-தோ-பே-லேய்' என்று நான்கு அசைக்கு நீண்டது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை பெரும்பாலும் உச்சத் தொனியைப் பெற்றது. இன்சூரன்ஸ் 'யின்-ஸோ' ஆகி, தகைவிலான் பறவையையும் சீப்பையும் குறிக்கும் இரண்டு எழுத்துகளில் போய் உட்கார்ந்தது. லிஃப்டுக்கு வந்த 'லிப்' இன்னும் சுவையானது. அதற்குப் பொருந்தும் எழுத்து கிடைக்காததால், 'வண்டி' என்ற எழுத்தோடு 'நில்' என்ற எழுத்தை ஒட்டி ஒரு குறி எழுந்தது. 1999இல் ஹாங்காங் அரசு வெளியிட்ட கணினி எழுத்துத் தொகுதியில் அதற்கும் இடம் கிடைத்தது.

இரண்டாம் கட்டத்தில் ஒலி மாற்றம் தளர்ந்தது. அதற்குக் காரணம், கான்டனீஸ் தன் இடத்தைப் பிடித்த காலத்துப் பள்ளிக்கூடம். 1974 வரை ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழி. அந்த ஆண்டின் சட்டம் சீனத்துக்கும் அதே தகுதியைக் கொடுத்தது. எந்தச் சீனம் என்று சட்டம் சொல்லவில்லை. பேச்சில் அது கான்டனீஸ்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதே ஆண்டில் பாடகர் சாம் ஹுய் தன் திரைப்பாட்டுகளில் தெருப்பேச்சைக் கொண்டுவந்தார். அவர் ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1978இல் ஒன்பது ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி நிலைபெற்றது. ஆங்கிலப் பாடநூலை வைத்துக்கொண்டு கான்டனீஸில் விளக்கம் சொல்லும் வகுப்பறையில் வளர்ந்த தலைமுறைக்கு, 'ப்ராஜெக்ட்' என்பதைத் திருத்தி உச்சரிக்கத் தேவை இருக்கவில்லை. அவர்கள் அதை 'ப்ராஜ்' என்று வெட்டிக்கொண்டார்கள்.

ஜான் கிப்பன்ஸ் என்ற மொழியியலாளர் ஹாங்காங் பல்கலைக்கழக மாணவரின் இந்தப் பேச்சை ஆராய்ந்து 1987இல் நூலாக்கினார். அதில் கான்டனீஸே அடித்தளம் என்பது அவர் கண்டது. இதற்கு எனக்குத் தெரிந்த வலுவான சான்று கேள்வி வாக்கியம். கான்டனீஸில் 'பிடிக்குமா?' என்று கேட்க, 'ஜுங்யீ' என்ற வினையின் முதல் அசையைச் சொல்லி, 'ம்' என்ற எதிர்மறையைச் சேர்த்து, பிறகு முழு வினையையும் சொல்வார்கள்: 'ஜுங்-ம்-ஜுங்யீ'. ஆங்கிலச் சொல்லும் இதற்குத் தப்புவதில்லை. மகிழ்ச்சியா என்று கேட்க 'ஹேப்-ம்-ஹேப்பி', புரிகிறதா என்று கேட்க 'அன்-ம்-அண்டர்ஸ்டாண்ட்'. 'அன்' என்ற துண்டுக்கு ஆங்கிலத்தில் இங்கே பொருளே இல்லை. செயல் முடிந்ததைக் காட்டும் 'ஜோ' விகுதி 'புக்' மேல் நேரே ஏறி 'புக்-ஜோ' ஆகிறது. இவர்கள் ஆங்கிலத்துக்கு இரையாகிவிட்டார்கள் என்று வருந்துபவர்கள் இந்த இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பேசுபவர்களே இதை மெச்சியதில்லை என்பது வேறு விஷயம். கிப்பன்ஸ் கருத்துக் கேட்டபோது, கலந்து பேசுபவரைப் பகட்டுக்காரர் என்று கருதும் போக்கு தென்பட்டது. முழு ஆங்கிலத்தில் பேசினாலோ நண்பர்களுக்குள் அது இன்னும் பெரிய பகட்டு. எனவே நடுவழியாகக் கலப்பு நின்றது. 1990இல் கல்வி ஆணையத்தின் நான்காம் அறிக்கை வகுப்பறைக் கலப்பைக் குறைக்கச் சொன்னது. 1998இல் 114 உயர்நிலைப் பள்ளிகளுக்கு மட்டுமே ஆங்கில வழிக்கு அனுமதி கிடைத்தது. பேச்சு அதனால் அசைந்ததாகத் தெரியவில்லை. டேவிட் லீ, எல்லி ட்சே இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்கள் ஒரு நாள் முழுக்க ஆங்கிலச் சொல் கலக்காமல் பேசி, நாட்குறிப்பு எழுதினார்கள். அவர்கள் திண்டாடினார்கள். எந்த மொழியில் ஒரு கருத்து முதலில் பழக்கமானதோ அந்த மொழிச்சொல்லே நாவில் முந்துகிறது என்று ஆய்வாளர்கள் காரணம் காட்டினார்கள். நாகரிக மோகம் என்ற பழைய விளக்கத்தைவிட இது எனக்கு ஏற்புடையது.

1990களின் இறுதியில் ஐசிக்யூ என்ற இணைய அரட்டை வந்தபோது, சீன எழுத்தைத் தட்டச்சு செய்யத் தடுமாறியவர்கள் கான்டனீஸை ரோமன் எழுத்தில் எழுதினார்கள்; 'லா', 'வோ' போன்ற வாக்கிய இறுதி ஒட்டுகள் ஆங்கில வரிகளின் கடைசியில் வந்து சேர்ந்தன. அவ்வகை எழுத்துக்கு இப்போது 'காங்கிஷ்' என்று பெயர். ஓட்டமும் திசை மாறியிருக்கிறது. டாக்சியிலிருந்து பிறந்த 'டிக்-சீ'யின் முதல் எழுத்து சீனப் பெருநிலப்பகுதிக்குப் போய், மாண்டரின் பேசுபவரும் டாக்சி பிடிப்பதை 'தா-தீ' என்கிறார்கள். ஊக்கமூட்டும் கான்டனீஸ் கூவலான 'கா-யாவ்' சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாகி 'ஆட் ஆயில்' ஆனது. 2018இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதைப் பதிவுசெய்தது.