ஃபாரடே எடுத்த நோட்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் பத்தாம் வகுப்பு இயற்பியல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மின்காந்தம் பற்றிய பாடம். பாதிப் பக்கம் காலி. "மீதி எங்கேம்மா?" என்றால், "குரூப்ல போட்டோ வந்துடும்பா" என்கிறாள். புனேக்கு வந்து இத்தனை வருஷத்தில் வீட்டில் எத்தனையோ மாறிவிட்டது. ஆனால் இது மட்டும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் கடைசியில்.

அந்தப் பாடத்தில் வருகிற மைக்கேல் ஃபாரடே, நோட்ஸ் எடுத்தே வேலை வாங்கிய ஆசாமி. மிகைப்படுத்தவில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

1791ல் ஒரு கொல்லருக்குப் பிறந்தவர். பள்ளிப்படிப்பு சொற்பம். 14 வயதில் லண்டனில் ரீபோ என்பவரின் கடையில் புத்தகம் பைண்டிங் செய்ய ஏழு வருஷத் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வருகிற புத்தகங்களைத் தைப்பதோடு நிற்காமல் படிக்கவும் செய்தார். (நம் ஊர் பழைய பேப்பர் கடைகளில் இப்படிப் படித்தவர்கள் எத்தனை பேரோ!) அதில் ஒன்று ஐசக் வாட்ஸ் என்ற பாதிரியார் அறிவை வளர்த்துக்கொள்வது பற்றி எழுதியது. அதைப் படித்த பிறகு, குறிப்பெடுப்பதை ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

1810ல் டேட்டம் என்பவர் தன் வீட்டில் மாலை நேரத்தில் அறிவியல் வகுப்பு நடத்தினார். ஒரு வகுப்புக்கு ஒரு ஷில்லிங். அதை அண்ணன் கொடுத்தார், அவரும் கொல்லர்தான். அந்த வகுப்புகளில் எப்படிக் குறிப்பெடுத்தார் என்பதை ஃபாரடேயே எழுதி வைத்திருக்கிறார். வகுப்பில் எல்லாவற்றையும் எழுதுவதில்லை. முக்கியமான சொற்கள், பரிசோதனையின் தலைப்பு, பொருட்களின் பெயர் போன்றவைதான். வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்கு. சூடு ஆறுவதற்குள் இரண்டாவது குறிப்பு, இன்னும் விரிவாக, கோர்வையாக, படிக்கிற மாதிரி. பிறகு அதை வைத்துக்கொண்டு, ஞாபகத்திலிருந்து மொத்த வகுப்பையும் எழுதுவார். ஆக, ஒரே பாடம் மூன்று முறை கையால் போகிறது. படம் வரையத் தெரியவில்லை என்று, ரீபோ வீட்டில் குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். குருதட்சிணை? அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போடுவது.

கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் 1812ல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அன்றைக்கு நட்சத்திரப் பேச்சாளர். ஃபாரடே மாடத்தில் கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அதைச் சுத்தமாக எழுதி, படங்கள் வரைந்து, தன் கையாலேயே பைண்ட் செய்தார். தொழில் கைகொடுத்தது!

அந்த வருஷக் கடைசியில் வேலை கேட்டுக் கடிதம் எழுதி, அந்தப் புத்தகத்தையும் டேவிக்கே அனுப்பினார். டிசம்பர் 24ம் தேதி பதில் வந்தது. டேவி நேரில் பார்த்தார், ஆனால் கையில் இருக்கும் தொழிலை விடாதே என்றுதான் புத்தி சொன்னார். 1813 பிப்ரவரியில் ஆய்வகத்தில் இருந்த உதவியாளர் அடிதடியில் இறங்கி வேலையை இழக்க, கூப்பிட்டு அனுப்பினார்கள். மார்ச் 1ம் தேதி நியமனம். வாரம் 25 ஷில்லிங், தங்க மேல்மாடியில் அறை. 1831ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தது இந்த உதவியாளர்தான். பின்னாளில் தன் ஆய்வுக் குறிப்புகளுக்கு வரிசையாக எண் போட்டார், அது 16,041 வரை போயிற்று. பழக்கம் விடவில்லை.

நிற்க. எனக்கு ஏன் சுருக்கென்றது?

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கல்லூரியில் முதல் செமஸ்டர், பேராசிரியர் ஆங்கிலத்தில் ஓடுவார், நான் துரத்துவேன். ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் போய் எதுவும் புரியாது. இரண்டு அரியர். அப்பாவுக்குச் சொல்லவில்லை. அடுத்த செமஸ்டரில் வேறு வழியில்லாமல், காதில் விழுந்த பெரிய சொற்களை மட்டும் தமிழ் எழுத்தில் கிறுக்கிக்கொண்டேன். 'இண்டக்டன்ஸ்', 'ரெசிஸ்டன்ஸ்' என்று. ராத்திரி ஹாஸ்டலில் பாடப்புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு பக்கத்தை நிரப்புவேன். ஃபாரடே கதை அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் கெத்தாகவே கிறுக்கியிருப்பேன். அந்த இரண்டு நோட்டுகள் இன்னமும் ஊரில் பரணில் இருக்கின்றன, அம்மா எடைக்குப் போட விடவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேவி நல்லா லெக்சர் பண்ணினார், அவர் எழுதினார். எங்க சார் போர்டைப் பார்த்துக்கிட்டேதான் பேசுவார், இந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்பா" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் இருக்கிற நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். 'இண்டக்டன்ஸ்'ஐத் தமிழில் பார்க்க வேண்டுமாம், சிரிப்பதற்கு.