பழையனூர்ப் பல்லவராயன்

திருவாலங்காடு ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பலர் ரத்தின சபையைக் காணவோ, காரைக்கால் அம்மையாரை நினைத்தோ வருகிறவர்கள். நான் ஒரு பெயருக்காகப் போனேன். இரண்டாம் ராஜாதிராஜன் காலத்தில், 1170களில், அந்தக் கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டில் உள்ள பெயர் அது: பழையனூருடையான் வேதவனமுடையான் அம்மையப்பனான அண்ணன் பல்லவராயன்.

ஒரே ஆளுக்கு இத்தனை பெயர். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலிருந்து வந்தது. பழையனூர், திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். நீலிக்குக் கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீயில் இறங்கினார்கள் என்று கதை சொல்லும் ஊர். ‘உடையான்’ என்பது அங்கே நிலவுரிமை கொண்டவன் என்பதைக் காட்டும். அதன் பழைய வடிவம் ‘கிழான்’. சேக்கிழார் பெயரில் இருப்பதும் அதுவே. வேதவனமுடையானும் அம்மையப்பனும் சிவன் பெயர்கள், வீட்டார் இட்டவை. கடைசியில் நிற்கும் ‘பல்லவராயன்’ ஒன்றுதான் அரசன் கொடுத்தது.

அதில் பின்பாதி எளிது. வடமொழி ‘ராஜ’ பிராகிருதத்தில் ‘ராய’ ஆனது. ரகரம் சொல்லுக்கு முதலில் வருவதைத் தமிழ் விரும்பாததால் முன்னே ஓர் அகரம் சேர்ந்து ‘அரையன்’ ஆயிற்று. முத்தரையர், வாணகோவரையன், திருவரங்கத்தில் பாசுரம் பாடி அபிநயிக்கும் அரையர் எல்லாம் இந்த வழிதான். கல்வெட்டுகளில் பல்லவரையன், பல்லவராயன் என இரு வடிவமும் உண்டு. வந்தியத்தேவரின் ‘வல்லவரையர்’ என்னும் பட்டத்தைச் சிலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வல்லவன் என்ற பெயரிலிருந்து வந்தது. ராஷ்டிரகூடர் தாங்கிய ‘வல்லப’ விருதின் தமிழ் வடிவம் அது. ஓரெழுத்து வேறுபாட்டுக்குள் இரண்டு அரச குலங்கள் நிற்கின்றன.

முன்பாதியில்தான் என் மனம் நிற்கிறது. பல்லவம் என்றால் தளிர். பல்லவர் ஆண்ட தொண்டை நாட்டின் பெயரில் உள்ள தொண்டை என்பது ஒரு கொடி. இரண்டையும் இணைத்துப் பெயர்க்காரணம் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதைவிட முக்கியம், அந்தப் பெயர் கைமாறிய விதம். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழன் பல்லவ மன்னன் அபராஜிதனை வென்று தொண்டை நாட்டைத் தனதாக்கினான். அபராஜிதன் இயற்றிய தமிழ் வெண்பா ஒன்று இதே மாவட்டத்துத் திருத்தணியில், வீரட்டானேசுவரர் கோயில் கல்லில் இன்றும் இருக்கிறது. அரசு போனது, பெயர் போகவில்லை. வென்ற சோழர்கள் அதை அழிக்காமல் தங்கள் அதிகாரிகளுக்குச் சூட்டினார்கள். தோற்ற அரசனின் பெயரைச் சோழ அரசவை உயிரோடிருக்கும் ஊழியனுக்குத் தந்தது. தஞ்சைப் பக்கத்து ஆளுக்கு அது வெறும் விருதாக இருந்திருக்கலாம். தொண்டை நாட்டானுக்கு அது தன் மண்ணின் பழைய மன்னர் பெயர். குன்றத்தூர்ச் சேக்கிழார் ‘உத்தமசோழப் பல்லவராயர்’ ஆனதாகச் சொல்லும் மரபையும் இப்படித்தான் படிக்கிறேன்.

அம்மையப்பன் அந்தப் பட்டத்துக்கு என்ன செய்தார்? அவருக்கு முன் சோழர் படைப் பொறுப்பிலிருந்தவரும் ஒரு பல்லவராயரே: பெருமானம்பி. இரண்டாம் ராஜராஜன் மறைந்தபோது ஒன்றும் இரண்டும் வயதான அரசிளங்குழந்தைகளைக் காத்து, இரண்டாம் ராஜாதிராஜனை அரியணையில் அமர்த்தியவர். பாண்டிய வாரிசுப் போரில் தலையிட்ட ஈழப் படையை எதிர்த்து நின்றவரும் அவர்தான். அவர் இறந்தபின் அந்தப் போர் பழையனூரார் கைக்கு வந்தது. ஈழத்துப் பராக்கிரமபாகு ஊராத்துறை, வலிகாமம், மாதோட்டம் முதலிய இடங்களில் படை திரட்டி, கப்பல் கட்டி, மறுபடியும் வரப் பார்த்தான். அம்மையப்பன் அவனுடைய மருமகன் சீவல்லவனையே தன் பக்கம் வைத்துக்கொண்டு கடல் கடந்து படை அனுப்பினார். மாதோட்டம் வரை ஊர்கள் எரிந்தன, யானைகள் பிடிபட்டன. சோழர் துணையால் மதுரையைப் பெற்ற குலசேகர பாண்டியன் ஈழத்தோடு சேர்ந்துகொண்டதும் அவனை இறக்கி வீரபாண்டியனை ஏற்றியவரும் இவரே.

இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்தது பழையனூரில் 10 வேலி நிலம், இறையிலியாக. அதே பழையனூரை 150 ஆண்டுகளுக்கும் மேல் முன்பே ராஜேந்திர சோழன் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு விட்டிருந்தான்; 1905இல் கிடைத்த 31 செப்பேடுகள் சொல்வது அதைத்தான். கடல் தாண்டிப் படை நடத்தியவருக்குச் சொந்த ஊர் மண்ணே பரிசானது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பிறகு அந்தப் பெயர் ஊர் ஊராக இறங்கியது. மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டை. அங்குள்ள கல்வெட்டால்தான் பெருமானம்பியின் கதை நமக்குத் தெரிகிறது. புதுக்கோட்டையில் தொண்டைமான்களுக்கு முன்பு ஆண்டவர்கள் பல்லவராயர்கள். ஈழத்தில், மாதோட்டத்துக்கும் வலிகாமத்துக்கும் இடைப்பட்ட பூநகரிப் பகுதியில், பல்லவராயன்கட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. பட்டம் பலருக்கு இருந்ததால் அதைப் பழையனூராரோடு முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆனால் அவர் எரித்த கரையிலேயே அந்தப் பெயரில் ஒரு தமிழூர் இருப்பதை வரைபடத்தில் பார்த்த அன்று, வெகுநேரம் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.