ஆர்ஃபியஸ் வேடத்தில் ஒரு டெலிபோன் ஆபரேட்டர்

1935 நவம்பரில் கேத்லீன் ஃபெரியருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஆல்பர்ட் வில்சன், வங்கி ஊழியர். திருமணத்தோடு கேத்லீனின் வேலை போயிற்று. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. இங்கிலாந்தின் அஞ்சல் துறை அப்போது மணமான பெண்களை வேலையில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு பிளாக்பர்ன் தொலைபேசி நிலையத்தில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்த பெண், ஒன்பது ஆண்டுச் சம்பாத்தியத்தைத் தாலிக்கு ஈடாகக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். (அவர்கள் ஊரில் அது மோதிரம். கணக்கு ஒன்றுதான்.) பிரிட்டிஷ் அரசுப் பணியில் இந்த விதி 1946 வரை நீடித்தது. அதன் தங்கை போன்ற ஒரு விதியை எதிர்த்து நம் வெளியுறவுப் பணி அதிகாரி சி.பி. முத்தம்மா 1979இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கேத்லீன் பிறந்தது 1912இல், லங்காஷயரின் ஹையர் வால்டன் கிராமத்தில். அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டில் பியானோ இருந்தது, பெண்ணுக்குக் கை நன்றாக ஓடியது. இசைக் கல்லூரிக்குப் போகும் ஆசையும் இருந்தது. அதற்கான பணம் இல்லை. 1926இல் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்தார். வேலை முடிந்த நேரத்தில் பியானோ வாசித்து, 1928இல் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில் ஒரு பியானோவையே பரிசாக வாங்கினார். தன்னைப் பியானோக்காரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் நேரம் சொல்வதற்கு அஞ்சல் துறை ஒரு நல்ல குரலைத் தேடியபோது இவரும் விண்ணப்பித்தார். உள்ளூர்ச் சுற்றிலேயே கழித்துவிட்டார்கள். பிற்காலத்தில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் டிக்கெட் வாங்கி வந்து கேட்ட குரல் அது.

பாட்டு வந்தது ஒரு பந்தயத்தால். 1937இல் கார்லைல் இசை விழாவில் பியானோப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார். பாட்டுப் போட்டியிலும் சேர உனக்குத் துணிச்சல் வராது, ஒரு ஷில்லிங் பந்தயம் என்று கணவர் சொன்னதாகக் கதை. சேர்ந்தார், இரண்டிலும் வென்றார். அப்போது வயது இருபதுகளின் நடுவில். முறையாகப் பாட்டுக் கற்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். போர் வந்தது, கணவர் ராணுவத்துக்குப் போனார், இவர் தொழிற்சாலைகளிலும் சிற்றூர்க் கூடங்களிலும் தொழிலாளர்களுக்காகப் பாடினார். 1942 இறுதியில் அக்கா வினிஃப்ரெடோடும் அப்பாவோடும் லண்டனில் ஒரு மாடிக் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தார். 1947இல் திருமணம் சட்டப்படி ரத்தானது. அது பெயரளவிலான திருமணமாகவே இருந்திருக்கிறது. இந்த விவாகம் அவரிடமிருந்து ஒரு வேலையைப் பறித்தது, ஒரு ஷில்லிங் பந்தயத்தைக் கொடுத்தது. வாழ்க்கை வரலாறுகள் இரண்டாவதைத்தான் விரும்பிச் சொல்கின்றன.

ஃபெரியரின் குரல் கான்ட்ரால்டோ வகை. பெண் குரல்களில் ஆகத் தாழ்ந்த ஸ்தாயி. மேற்கத்திய ஓபராவில் நாயகி என்றால் பெரும்பாலும் உச்சஸ்தாயிக்காரி. தாழ்ந்த குரல்காரிகளுக்குத் தாயும் சூனியக்காரியும் தோழியும்தான் கிடைக்கும். அதனால் அவர் பெரிதும் கச்சேரி மேடையிலேயே பாடினார். ஓபராவில் அவர் ஏற்றவை வாழ்நாளில் இரண்டே வேடங்கள். ஒன்று, 1946இல் பிரிட்டன் இயற்றிய ஓபராவில் லுக்ரீஷியா. மற்றது ஆர்ஃபியஸ்.

ஆர்ஃபியஸ் ஓர் ஆண். செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளத்துக்கு இறங்கி, தன் பாட்டால் காவல் பூதங்களையும் இளக்குகிறவன். க்ளுக் 1762இல் இந்த ஓபராவை இயற்றியபோது அந்த வேடத்தைப் பாடியவர் குவாதாஞி என்னும் காஸ்ட்ராட்டோ. காஸ்ட்ராட்டோ என்றால், குரல் உடையாதிருக்கச் சிறுவயதில் விதையடிக்கப்பட்ட ஆண். போப்பின் ஆட்சிப் பகுதிகளில் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது. தேவாலயத்தில் பெண் வாய் திறக்கக் கூடாது. ஆனால் பெண் குரல் வேண்டும். அதற்காகச் சிறுவர்களைக் கத்திக்குக் கொடுத்தார்கள். அந்த வழக்கம் தேய்ந்த பிறகு, 1859இல் பாரிஸில் பாலின் வியார்டோ என்ற பாடகிக்காக பெர்லியோஸ் அந்த வேடத்தைத் திருத்தி அமைத்தார். மேடைக்கு வரக் கூடாது என்று விலக்கப்பட்டவர்களின் இடம் இப்படிச் சுற்றிவளைத்து அவர்களிடமே வந்து சேர்ந்தது. ஃபெரியர் 1947இல் கிளைண்ட்போர்னில் முதன்முறை ஆர்ஃபியஸ் ஆனார். இத்தாலிய மொழியில் பாடினார். பிறகு ஹாலந்தில் பாடினார். தன் சொந்த மொழியில், தன் நாட்டின் பெரிய ஓபரா அரங்கில் அதைச் செய்வது மிச்சமிருந்தது.

1951 தொடக்கத்தில் ரோமில் இருந்தபோது அப்பா இறந்த செய்தி வந்தது. பயணத்தை நிறுத்தவில்லை. மார்ச் மாதம் மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகும் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துவிட்டுத்தான் டாக்டரைப் பார்த்தார். தள்ளிப்போடுவது நமக்குத் தெரிந்த கதை. பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், நாத்தனார் கல்யாணம் முடியட்டும் என்று கட்டியை ரவிக்கைக்குள் சுமந்து திரிந்த பெண் இல்லாத தெரு உண்டா? ஃபெரியருக்குப் பிள்ளைகள் இல்லை, கச்சேரிகள் இருந்தன. ஏப்ரல் 10 அன்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மார்பகத்தை அகற்றினார்கள். தொடர்ந்து கதிர்வீச்சு.

ஜூன் 19 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் பாஹின் பி மைனர் மாஸ் பாட நின்றார். அறுவை நடந்து பத்து வாரம்! அடுத்த மாதம் ஹாலந்தில் ஆர்ஃபியஸ், கூடவே க்ளெம்பரர் நடத்திய மாலரின் இரண்டாம் சிம்ஃபனி. 1952 மே மாதம் வியன்னாவுக்குப் போய் புரூனோ வால்டரோடு மாலரின் பூமியின் பாடலை டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தார். விடைபெறுதலில் முடியும் படைப்பு அது. எழுபத்தைந்து வயது வால்டர், மாலரின் நேர்ச் சீடர், 1911இல் அந்தப் படைப்பை முதன்முதலில் அரங்கேற்றியவர். பாடியவளோ நாற்பது வயதில், நோயோடு. இன்றும் கிடைக்கிற பதிவு. நோயாளியின் குரல் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமல் கேட்டால் நமக்குத் தெரியாது.

அந்த அக்டோபரில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் ஏட்ரியன் போல்ட்டோடு பாஹ், ஹேண்டல் பாடல்கள் பதிவாயின. டிசம்பரில் ஆர்ஃபியஸ் ஒத்திகை தொடங்கியது. கோவென்ட் கார்டன் அரங்கு, ஆங்கில மொழியில், ஜான் பார்பிரோலி இசை நடத்த, ஃப்ரெடரிக் ஆஷ்டன் மேடையமைக்க, நான்கு காட்சிகள் என்று திட்டம். ஒத்திகைகளுக்கு நடுவே மருத்துவமனைக்கும் போய்வந்தார். 1953 புத்தாண்டு விருதுப் பட்டியலில் சி.பி.ஈ. பட்டம் வந்தது.

பிப்ரவரி 3, முதல் காட்சி. அரங்கு கொண்டாடியது.

பிப்ரவரி 6, இரண்டாம் காட்சி. பாடிக்கொண்டிருக்கும்போதே இடது தொடை எலும்பு விட்டுப்போனது. புற்றுநோய் எலும்பை அரித்திருந்தது. அவரால் நகர முடியவில்லை. உடன் நடித்தவர்கள் நிலைமை புரிந்து, ஆட்டத்தின் ஓட்டத்திலேயே அவரிடம் வந்து தாங்கிக்கொண்டார்கள். யூரிடிஸியாக நடித்த வெரோனிகா டன்னும் அமோராக நடித்த அடேல் லீயும் இளம் பாடகிகள். நின்ற இடத்தில் நின்றே மிச்சப் பாடல்கள் அத்தனையும் பாடினார் ஃபெரியர். பார்வையாளர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரை விழுந்து எழுந்தபோது வணக்கம் சொன்னார். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

இதைச் சொல்லும்போது எல்லோருக்கும் உடல் சிலிர்க்கிறது. எனக்கும்தான். ஆனால் சிலிர்ப்பு அடங்கியதும் ஓர் எரிச்சல் வருகிறது. வலியை வெளிக்காட்டாத பெண்ணைக் கும்பிடுவது நமக்கு ரொம்பப் பிடிக்கும். பிரசவ வலியில் கத்தாதவள் நல்லவள், சமையலறையில் சுட்டுக்கொண்டு பேசாமல் பரிமாறியவள் குடும்பத்துக்கு ஏற்றவள். ஃபெரியரை அந்த வரிசையில் உட்கார வைப்பது அநியாயம். அவர் யாருக்கும் பரிமாறிக்கொண்டிருக்கவில்லை. தனக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார். பந்தயம் கட்டிப் பாட்டுக்கு வந்தவர், கடிதங்களில் தன்னைத்தானே கெட்டிக்கார காஃப் என்று கேலியாக அழைத்துக்கொண்டவர், சிரிக்கவும் சிரிக்க வைக்கவும் தெரிந்தவர். படுக்கையில் கிடப்பதும் ஒத்திகைக்குப் போவதும் அவர் முன்னால் இருந்தன. உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது. அந்த இரவில் வீரம் என்று ஒன்று இருந்தால், சுற்றி வந்து தாங்கிய அந்தக் கைகளுக்கும் அதில் பங்குண்டு.

மூடி மறைத்தது வேறொரு விஷயம். மிச்சமிருந்த இரண்டு காட்சிகள் ஏன் நடக்கவில்லை என்று பத்திரிகைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மூட்டுவாதம் என்றார்கள். ஆர்ஃபியஸ் வேடத்தின் சிரமத்தால் வந்த பாதிப்பு என்றார்கள். கேன்சர் என்ற சொல்லைச் செய்தித்தாளில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் போடாத காலம் அது, அதிலும் மார்பகத்தில் வந்த கேன்சர் என்றால் கேட்கவே வேண்டாம். நோயைச் சொன்னால் அந்த உறுப்பைச் சொல்ல வேண்டும், உறுப்பைச் சொன்னால் மானம் போகும் என்ற அதே பயம். காட்சிகளை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார்கள், பிறகு ரத்து செய்தார்கள். பழைய வீட்டின் படிகளை ஏற முடியாததால் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் தரைத்தள வீடு ஒன்று பார்த்துக் குடிபோனார். ராயல் ஃபில்ஹார்மானிக் சங்கத்தின் தங்கப் பதக்கம் அந்த ஆண்டு அவருக்கு வந்தது. 1953 அக்டோபர் 8 அன்று இறந்தார். வயது 41. முறையாகப் பாட்டுக் கற்கத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

உயிரோடு இருந்தபோது மூட்டுவாதம் என்று மறைத்தார்கள். இறந்த மறு ஆண்டிலேயே அவர் பெயரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிதி தொடங்கினார்கள். பெயரும் நோயும் ஒரே வரியில் அச்சாயின. அக்கா வினிஃப்ரெட் 1955இல் தங்கையின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். 1956 முதல் இளம் பாடகர்களுக்கு ஃபெரியர் பெயரில் பரிசு கொடுக்கிறார்கள்.

போல்ட்டோடு செய்த அந்த அக்டோபர் பதிவு ஒற்றை ஒலித்தடத்தில் இருந்தது. ஸ்டீரியோ வந்த பிறகு, 1960இல், போல்ட் தன் இசைக்குழுவை மறுபடி கூட்டி, பழைய நாடாவில் இருந்த ஃபெரியரின் குரலுக்கு ஏற்ப வாத்தியங்களை மட்டும் புதிதாக வாசித்துப் பதிவுசெய்தார். அவர் எங்கே மூச்சு வாங்கினாரோ அங்கே அவர்களும் காத்திருந்தார்கள்.