'வெரி'யைத் தாண்டி: உணர்வைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளையிடம் சுற்றுலா எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். 'குட்' என்பான். சாப்பாடு? 'வெரி குட்'. பரீட்சை? 'வெரி டஃப்'. காலில் அடிபட்டால் 'வெரி பெயின்'. அதே பிள்ளை உம்மாவிடம் தமிழில் சொல்லும்போது கடுக்குது, குத்துது, எரியுது, விண்விண்ணென்று தெறிக்குது என்று வகைவகையாகச் சொல்கிறான். அவனிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தமிழில் இருக்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இணை தேடிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

'ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் முறையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அகராதியில் மட்டும் வாழும் கடினமான சொற்கள் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். ஆங்கில நாவலையோ நாளிதழையோ துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று மொழியியல் அறிஞர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். படிப்பதற்கு அவ்வளவு வேண்டும். ஆனால் மனதிலும் உடம்பிலும் நடப்பதை எடுத்துச் சொல்ல அதில் சிறு பங்கு போதும். அந்தச் சிறு பங்கை எங்கிருந்து தொடங்குவது?

வலியிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் துபையிலோ ரியாத்திலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அங்கே மருத்துவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இருவருக்கும் இடையில் இருப்பது ஆங்கிலம்தான். 'வெரி பெயின்' என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. வலியைச் சொல்லும் சொற்கள் நோயைக் கண்டறிய எவ்வளவு உதவும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நோயாளி தன் வலிக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதில் உள்ள பல சொற்களுக்கு நம் வீட்டுத் தமிழில் நேர் இணை இருக்கிறது. பல்வலியும் தலைவலியும் விண்விண்ணென்று தெறித்தால் அது 'த்ராபிங்'. கத்தியால் குத்துவது போல் இருந்தால் 'ஸ்டாபிங்'. இடுப்பிலிருந்து காலுக்கு மின்னல் போல் இறங்கினால் 'ஷூட்டிங்'. நாள்பூராவும் விடாமல் கடுத்துக்கொண்டே இருந்தால் 'ஏக்கிங்'. எரிந்தால் 'பர்னிங்'. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டால் 'கிராம்ப்'. எறும்பு ஊர்வது போலிருந்தால் 'டிங்க்ளிங்'. மரத்துப்போனால் 'நம்'. இந்தக் கடைசிச் சொல்லின் முடிவில் உள்ள 'பி' எழுத்து ஒலிக்காது. எழுத்துக்கூட்டலையும் உச்சரிப்பையும் பிள்ளைகளை விட்டே அகராதியில் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

'தலை சுத்துது' என்பதற்கும் 'மயக்கமா வருது' என்பதற்கும் உள்ள வேறுபாடு இன்னும் முக்கியம். அறையே சுழல்வது போலிருந்தால் 'ஸ்பின்னிங்' என்று சொல்ல வேண்டும். மருத்துவர் காது தொடர்பான கோளாறையும் யோசிப்பார். கண் இருட்டி விழப்போவது போலிருந்தால் 'ஃபெயின்ட்'. அப்போது இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். நெஞ்சில் பாரம் வைத்து அமுக்குவது போலவோ இறுக்குவது போலவோ இருந்தால் 'பிரஷர்', 'டைட்னஸ்' என்ற இரண்டு சொற்களும் நாக்கில் தயாராக இருக்க வேண்டும். மாரடைப்பு வந்த பலர் அப்படித்தான் விவரிக்கிறார்கள். எரிச்சல்தானே என்று நெஞ்சு எரிவதையும் தள்ளிவிடக் கூடாது. 'லூஸ் மோஷன்', 'வாமிட்டிங் சென்சேஷன்' ஆகியவை நம் நாட்டு ஆங்கிலம். வெளிநாட்டு மருத்துவரிடம் 'டயரியா', 'நாசியா' என்றால் உடனே புரியும்.

அடுத்து 'வெரி'. இந்தச் சொல்லில் தவறு இல்லை. எல்லாவற்றுக்கும் அதையே போடுவதால்தான் பேச்சு வெளிறிப்போகிறது. 'வெரி டயர்ட்' என்பதற்கு 'எக்ஸாஸ்டட்', 'வெரி பிக்' என்பதற்கு 'இனார்மஸ்', 'வெரி ஸ்மால்' என்பதற்கு 'டைனி', 'வெரி டர்ட்டி' என்பதற்கு 'ஃபில்தி', 'வெரி கோல்ட்' என்பதற்கு 'ஃப்ரீஸிங்' என்று மாற்றிப் பழகலாம். நோன்பு நாளில் அஸருக்குப் பிறகு நா வறண்டு நிற்பதற்கு 'வெரி தர்ஸ்டி'யை விட 'பார்ச்ட்' என்ற சொல் கச்சிதமாகப் பொருந்தும். இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு: இந்தச் சொற்களிலேயே 'மிக' என்ற பொருள் அடங்கியிருக்கிறது. ஆகவே 'வெரி ஃப்ரீஸிங்', 'வெரி இனார்மஸ்' என்று சொல்வதில்லை. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'அப்ஸலூட்லி' சேர்ப்பார்கள்.

மகிழ்ச்சிக்கும் ஒரே ஒரு 'ஹேப்பி' போதாது. பரீட்சை முடிவு வந்ததும் 'அப்பாடா, அல்ஹம்துலில்லாஹ்' என்று மூச்சு விடுகிறோமே, அது 'ரிலீவ்ட்'. மகள் குர்ஆனை மனனம் செய்து முடித்தபோது வாப்பாவுக்கு வருவது 'ப்ரௌட்'. யாரோ முன்பின் தெரியாதவர் செய்த உதவியில் மனம் நெகிழ்ந்தால் 'மூவ்ட்' அல்லது 'டச்ட்'. இருப்பது போதும் என்ற நிறைவு 'கன்டென்ட்'. வெளிநாட்டில் பெருநாள் அன்று அறையில் தனியாக இருப்பவரின் நிலைக்கு 'சேட்' சரிப்படாது, அது 'ஹோம்சிக்'.

கோபத்தில் படிகள் உண்டு. லேசான சலிப்பு 'அனாய்ட்', அடுத்தது 'ஆங்க்ரி', கொதித்துப்போனால் 'ஃப்யூரியஸ்'. அலுவலகக் கடிதத்தில் இந்த மூன்றும் வேண்டாம். சம்பளம் தாமதமாகிறது என்று எழுதும்போது 'ஆங்க்ரி' என்றால் படிப்பவர் எதிர்த்து நிற்பார், 'கன்சர்ன்ட்' என்றால் பதில் சொல்ல வருவார். சொன்ன வாக்கு நிறைவேறவில்லை என்றால் 'டிஸ்அப்பாயின்டட்'. அது கோபத்தை மரியாதையோடு சொல்லும் சொல்.

பேச்சுக்கு இப்படித் தரம் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. அல்குர்ஆனில் பெற்றோரிடம் பேச வேண்டிய பேச்சு 'கரீம்' (17:23), ஃபிர்அவ்னிடம் மூஸா (அலை), ஹாரூன் (அலை) பேச வேண்டியது 'லய்யின்' (20:44), ஈமான் கொண்டவர்களின் பேச்சு 'ஸதீத்' (33:70). கண்ணியம், மென்மை, நேர்மை என்று இடத்துக்கு ஏற்ற அடைமொழி. நம் வழக்கிலும் 'செத்துப்போனான்' என்பதும் 'மவுத்தாகிவிட்டார்' என்பதும் 'வஃபாத்தானார்கள்' என்பதும் ஒன்றா? ஆங்கிலத்திலும் அப்படித்தான். விடுப்புக் கடிதத்தில் 'மாமா எக்ஸ்பயர்ட்' என்று எழுதுகிறோம். வெளிநாட்டு மேலாளருக்கு அது விசா காலாவதியானது போல் ஒலிக்கும். 'பாஸ்ட் அவே' என்பதே மரியாதை.

ஒத்த சொல் அகராதியைப் பிள்ளைகள் கையில் முதலிலேயே கொடுக்காதீர்கள். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட 'தெசாரஸ்' அருமையான நூல். ஆனால் அத்தகைய நூல்களில் ஒரே வரிசையில் நிற்கும் சொற்கள் ஒரே பொருள் தருவதில்லை. 'ஃபேமஸ்' புகழ், 'நொட்டோரியஸ்' கெட்ட பெயர். 'டிட்டர்மின்ட்' என்றால் உறுதியானவர், 'ஸ்டபர்ன்' என்றால் பிடிவாதக்காரர். நேர்முகத்தேர்வில் இரண்டாவதைச் சொன்னால் வேலை போய்விடும்!

அதற்குப் பதில், கற்போருக்கான அகராதி வாங்குங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற கற்போர் அகராதியைத் தொகுத்த ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அது முதலில் 1942இல் ஜப்பானில்தான் அச்சானது. நம்மைப் போல் ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்பவர்களுக்காகவே உருவானது. 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களையும் விளக்குகிறது. பொருளை விட எடுத்துக்காட்டு வாக்கியத்தை முதலில் படிக்கப் பழக்குங்கள். ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பது அங்கேதான் தெரியும்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். அன்றைக்கு வீட்டில் யாராவது சொன்ன ஒரு தமிழ் உணர்வுச் சொல்லை இடப்பக்கம் எழுதட்டும். வலப்பக்கம் அதற்கு இணையான ஆங்கிலச் சொல், கீழே தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று மூன்று முறை திரும்பப் பார்க்கட்டும். கண்ணம்மாவின் முழங்கால் கடுப்பு 'ஏக்கிங்', ஸஹருக்கு எழ முடியாத தம்பி 'ட்ரௌஸி', ஊருக்கு டிக்கெட் போட்ட வாப்பா 'எக்ஸைட்டட்' என்று ஒரு மாதத்தில் முப்பது சொற்கள் சேர்ந்துவிடும்.