செருகியின் கதை

பாட்டுப் பெட்டி ஊமையாகிவிட்டால் புதிது வாங்கத்தான் மனம் பறக்கிறது. எனக்கும் கடைக்காரர் ஒருவர் அந்த யோசனையைத்தான் சொன்னார். பிறகு பார்த்தால், பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை. கம்பியின் நுனியிலிருந்த பனானா பிளக்தான் தளர்ந்திருந்தது.

அந்தச் சிறு செருகிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. வீடுகளுக்குள் ரேடியோ நுழையத் தொடங்கிய காலம். 1924-ஆம் ஆண்டு ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் ரிச்சர்ட் ஹிர்ஷ்மன் இதைச் செய்து தொழில் தொடங்கினார். 4 மில்லிமீட்டர் துளைக்கு ஏற்ற தண்டு. நடுவே வாழைப்பழம் போலப் புடைத்த உலோக வில். உள்ளே போனதும் அது துளையின் சுவரை அழுத்திப் பற்றிக்கொள்ளும். பெயர்க் காரணமும் அந்தப் புடைப்புத்தான்.

சௌகரியத்திலேயே ஓர் அபாயமும் இருந்தது. ஐரோப்பிய வீடுகளின் மின்சாரத் துளையிலும் அது நுழைந்துவிடும்! அதனால்தான் அங்கே விற்கும் ஆம்பிளிஃபயர்களின் துளைகளைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்துவிடுகிறார்கள்.

பழுது பார்ப்பது எளிது. முதலில் ஆம்பிளிஃபயரை அணைத்துவிட வேண்டும். நைந்த நுனியை வெட்டி, மேலுறையைச் சீவி, இழைகளை முறுக்கிச் செருகியின் திருகை இறுக்கினால் போதும். ஓர் இழை பிரிந்து அடுத்த கம்பியைத் தொட்டாலும் ஆம்பிளிஃபயர் கெட்டுப்போகலாம். இரண்டு பெட்டிகளில் ஒன்றில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கனத்த ஓசை மெலிந்துவிடும்.

அன்று பத்து நிமிஷ வேலைதான். பெட்டி மறுபடி பாடியது. நூறு வருஷமாக இந்தச் செருகி பிழைத்திருப்பதற்கு, கழற்றி மாட்ட முடிகிற அந்த ஒரு திருகும் காரணமாயிருக்கலாம்.