புண்ணைப் பார்த்துச் சிலந்தியைச் சொல்லலாமா?

காலில் சிவந்த வீக்கம். நாலு நாளில் நடுவே கறுத்துப் புண்ணாகிறது. கடித்தது எது என்று யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் பழி பிரவுன் ரெக்லூஸ் சிலந்தி மேல் விழும். ஆஸ்திரேலியாவில் வெள்ளைவால் சிலந்தி மேல். இரண்டும் இரவில் வீட்டுக்குள் அலைபவை, கழற்றிப் போட்ட துணிக்குள் புகுந்துகொள்பவை. ஆனால் இரண்டின் மேலுள்ள குற்றச்சாட்டும் ஒரே தரமானதல்ல.

ரெக்லூஸின் நஞ்சு உண்மையிலேயே சதையை அழுகச் செய்யக்கூடியது. அப்படியும் பெரும்பாலான கடிகள் தாமாக ஆறிவிடுகின்றன. கான்சாஸில் ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ்களைப் பிடித்தார்கள். அங்கே குடியிருந்த ஒருவருக்கும் நஞ்சேறவில்லை. இந்தச் சிலந்தி குடியேறவே இல்லாத கலிஃபோர்னியாவிலோ, ‘ரெக்லூஸ் கடி’ என்று மருத்துவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வெள்ளைவாலுக்கு நேர்ந்தது இதைவிட அநியாயம். 2003இல் இஸ்பிஸ்டரும் கிரேயும் வெளியிட்ட ஆய்வில், கடித்த சிலந்தியே கையோடு பிடிபட்டு, வல்லுநர் பார்த்து உறுதிசெய்த 130 கடிகள் மட்டுமே சேர்க்கப்பட்டன. வலி இருந்தது, சிவப்பும் அரிப்பும் இருந்தன. அழுகிய புண் ஒருவருக்கும் இல்லை. கருஞ்சாம்பல் உடலின் நுனியில் வெள்ளைப் புள்ளியோடு சட்டென்று கண்ணில் படுவதாலேயே இது மாட்டிக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

ரெக்லூஸை அடையாளம் காண்பது அவ்வளவு சுலபமில்லை. முதுகிலுள்ள வயலின் வடிவத்தை நம்பினால் ஏமாறுவோம். அதுபோன்ற கறை வேறு பல சிலந்திகளுக்கும் உண்டு. கண்களை எண்ண வேண்டும். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண். இதற்கு ஆறுதான், இரண்டிரண்டாக மூன்று ஜோடி. அதற்கு லென்ஸ் வேண்டும், சிலந்தியும் வேண்டும். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.

சிலந்தி கிடைக்காதபோது புண்ணுக்கு அதன் பெயரைச் சூட்டுவது எனக்குக் கவலை தருகிறது. இப்படி வரும் புண்களில் பல ஸ்டாஃப் கிருமியின் வேலை. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் சிலந்தி என்று முடிவுகட்டினால், சரியான ஆன்டிபயாட்டிக் தள்ளிப்போகும். சிலருக்குச் சர்க்கரை நோய்ப் புண்ணோ தோல் புற்றோகூடக் கவனிக்கப்படாமல் போகும்.

சிட்னி வட்டாரத்தில் பெரிய கறுப்புச் சிலந்தி கடித்தால் மட்டும் அடையாளம் பார்த்து நிற்கக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தான ஃபனல்வெப் சிலந்தி என்றே வைத்துக்கொண்டு, கடிபட்ட கையையோ காலையோ முழுவதும் இறுக்கிக் கட்டி, அசையாமல் வைத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.